கோவில் லேப்டாப்புக்கு எந்த சிஸ்டம் போடலாம்? தொண்டர்கள் பக்கம் இருந்து ஒரு கருத்து



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்துல பேசப்போற விஷயம். அங்கே பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லி முடிக்க முடியாது, அதனால இங்கேயே எழுதிடறோம்.

ஆலய ஆபிஸ் பின்னாடி, பூஜை சாமான் வைக்கிற அறையில ஆறு பழைய லேப்டாப் இருக்கு. ஒரு அன்பர் தான் வேலை செய்யற கம்பெனியில கழிச்சுப் போட்டதைக் கேட்டு வாங்கி, "பிள்ளைங்க டியூஷனுக்கு ஆகட்டும்"னு கொடுத்தது. நல்ல மனசோட கொடுத்தார். ஆனா எல்லாம் எட்டு, ஒன்பது வருஷப் பழசு. உள்ளே இருக்கிறது விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. பதிவு செஞ்சுகிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரைக்கும் வரும். அதுக்கு அப்புறம் அதுவும் இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாத்தலாமான்னு பார்த்தோம். அதுக்கு டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் சிப்னா எட்டாம் தலைமுறை அல்லது அதுக்கு மேல இருக்கணும். நம்ம ஆறும் ஆறாம், ஏழாம் தலைமுறை. ஒண்ணுகூட தேறல.

இப்போ கூட்டத்துல மூணு யோசனை வரப்போகுதுன்னு தெரியும். ஒண்ணு, பழைய சாமான் கடைக்குப் போட்டுட்டு, நன்கொடை திரட்டி புதுசு ஒண்ணோ ரெண்டோ வாங்கறது. ரெண்டு, கடையில கொடுத்து "எப்படியாவது" விண்டோஸ் 11 ஏத்தச் சொல்றது. மூணு, லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம் போடறது. நாங்க மூணாவது பக்கம். ஆனா ஒரு நிபந்தனையோட. அதைக் கடைசியில சொல்றோம்.

முதல்ல அந்த "எப்படியாவது" பத்தி. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஆபிஸ் கணினிக்கு அப்படித்தான் செஞ்சோம். ஒரு கடையில கொடுத்தோம், முப்பது வெள்ளிக்கு விண்டோஸ், ஆபிஸ், எல்லாம் ஏத்திக் கொடுத்தாங்க. லைசன்ஸ் எங்கேன்னு நாங்களும் கேட்கல, அவங்களும் சொல்லல. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில திறந்தா எந்த ஃபைலும் திறக்கல. உபயக்காரர் பட்டியல், அன்னதானப் பட்டியல், பக்தர்களோட பேர், நட்சத்திரம், கைப்பேசி நம்பர் எல்லாம் பூட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு. பணம் கட்டினா திறக்கலாம்னு ஆங்கிலத்துல ஒரு செய்தி. வந்து பார்த்த தம்பி, அந்த 'கிராக்' வழியாத்தான் உள்ளே வந்திருக்கணும்னு சொன்னார். பணம் கட்டல. ரசீதுக் கட்டுகளை எடுத்து வச்சு, ஆபிஸ்ல இருக்கிற ரெண்டு அக்காமார் மூணு ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் எழுதினாங்க. ஏழு உபயக்காரர் பேர் விட்டுப் போச்சு. அதுல ஒரு பாட்டி கொடிமரத்துக்கிட்ட வந்து, "என் பேர் ஏன்யா படிக்கல"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?

அந்தப் பாட்டிக்கு நாங்க இன்னும் கடன்பட்டிருக்கோம். அதனால சொல்றோம், திருட்டு சாவி போட்ட கணினி ஆலயத்துக்குள்ள வேண்டாம். உண்டியலை எண்ணும்போது ஒரு வெள்ளி தவறாம கணக்கு எழுதறோம். பக்கத்து அறையிலேயே இன்னொருத்தர் உழைப்பைக் காசு கொடுக்காம வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு? வீட்டுல அவரவர் எப்படியோ, கோவில்ல வேண்டாம்.

சரி, லினக்ஸ்னா என்ன?

எங்களுக்குப் படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். பேக்டரியில லைன் பார்க்கிற வேலை. அதனால எங்களுக்குப் புரிஞ்ச மாதிரியே சொல்றோம், தெரிஞ்சவங்க பொறுத்துக்குங்க.

கணினி ஓடறதுக்கு அடிப்படையா ஒரு சிஸ்டம் வேணும். விண்டோஸ் அப்படி ஒண்ணு, அதுக்குக் காசு. லினக்ஸ் இன்னொண்ணு. 1991-ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு மாணவர், அப்போ அவருக்கு இருபத்தொரு வயசு, அதோட மையப் பகுதியை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். அதுக்கு முன்னாடியே, 1983-ல, அமெரிக்காவுல ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ'ன்னு ஒரு திட்டத்தை அறிவிச்சிருந்தார். மென்பொருளை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் நாம இப்போ லினக்ஸ்னு சொல்றது. தமிழ்ல இதைக் கட்டற்ற மென்பொருள்னு சொல்றாங்க.

புதுசா ஏதோன்னு பயப்பட வேண்டாம். உங்க கையில ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தா, அதுக்கு அடியில இருக்கிறதும் லினக்ஸ்தான். பத்து வருஷத்துக்கு மேல தெரியாமலே பயன்படுத்திக்கிட்டுத்தான் இருக்கோம்.

எங்களுக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, ஒரு பெண்ட்ரைவ்ல காப்பி எடுத்து பக்கத்துக் கோவிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ கொடுத்தா அது குற்றமில்லை. கொடுக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. நம்ம அன்னதானம் மாதிரின்னு வச்சுக்கலாம். யாரு, எவருன்னு கேட்காம இலை போடறோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனா அன்னதானத்துல நின்னவங்களுக்குத் தெரியும், சாப்பாடு இலவசம்னாலும் அரிசி யாரோ வாங்கினது, பாத்திரம் யாரோ கழுவணும். இதுவும் அப்படித்தான். அதைப் பிறகு பேசறோம்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசான்னா, இல்லை. 2001-லேயே தமிழ் இணைய மாநாடு நம்ம கோலாலம்பூர்ல நடந்தது. கணினியில தமிழ் எழுத 'முரசு அஞ்சல்' உருவாக்கின முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர், 1985-லேயே ஆரம்பிச்சது அது. நம்ம அரசாங்கமும் 2004-ல மாம்பு இலாகா மூலமா, பொதுத்துறைக்கு திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு.

தமிழ்நாட்டுல 2011-ல மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸோட 'பாஸ்' என்கிற லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தாங்க. பாஸ், இந்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது. கேரளாவுல இன்னும் ஒரு படி மேல. அங்கே அரசுப் பள்ளிகள்ல பல வருஷமா லினக்ஸ்தான். கணினிப் பாடப் புத்தகமே அதுக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்காங்க, ஆசிரியர்களுக்கு முதல்ல பயிற்சி கொடுத்தாங்க, 2018-ல 'லிட்டில் கைட்ஸ்'னு மாணவர் குழுக்களையும் பள்ளிக்குப் பள்ளி ஆரம்பிச்சாங்க. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக் கொடுக்கற மாதிரி.

மறுபக்கத்தையும் சொல்லணும். ஜெர்மனியில மியூனிக் நகராட்சி பல வருஷம் பாடுபட்டு, 2013-க்குள்ள ஏறக்குறைய பதினஞ்சாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாத்தினாங்க. 2017-ல நகர மன்றம் மறுபடியும் விண்டோஸுக்கே போகலாம்னு ஓட்டுப் போட்டுச்சு. அவ்வளவு பெரிய நகராட்சியே திரும்பிப் போயிருக்கு. அதனால "லினக்ஸ் போட்டா எல்லாம் சரியாயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நாங்க சொன்னாலும் நம்பாதீங்க.

சரி, எந்த லினக்ஸ்?

இங்கேதான் சண்டை வரும். லினக்ஸ் ஒண்ணு இல்லை, நூத்துக்கணக்குல வகை இருக்கு. ஒரே மாவுல இட்லியும் ஊத்தலாம், தோசையும் ஊத்தலாம், ஊத்தப்பமும் ஊத்தலாம் இல்லையா, அந்த மாதிரி அடியில ஒரே லினக்ஸ், மேல ஆளுக்கு ஒரு விதமா செஞ்சிருக்காங்க. உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா, இப்படி. நம்ம புலனம் குழுவுல ஒரு கேள்வி போட்டோம், அரை மணி நேரத்துல நாலு தம்பிங்க நாலு பேர் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் மத்தது சரியில்லைன்னு சொன்னாங்க. ஒரு அண்ணன், "அப்போ ஆறு லேப்டாப்புக்கும் ஆறு விதமா போட்டு எது நல்லதுன்னு பார்ப்போம் லா"ன்னார்.

வேண்டாம் அண்ணே. பேக்டரியில இருபத்தாறு வருஷம் லைன் பார்த்த அனுபவத்துல சொல்றோம். ஒரு லைன்ல ஆறு மெஷின், ஆறு பிராண்டா இருந்தா, ஸ்பேர் பார்ட்ஸ் ஆறு விதமா வாங்கி வைக்கணும், டெக்னீஷியன் ஆறு விதமா கத்துக்கணும். ராத்திரி ஷிப்ட்ல ஒண்ணு நின்னு போனா, அதைத் தெரிஞ்ச ஆள் அன்னைக்கு லீவா இருப்பார். எல்லாம் ஒரே மாடலா இருந்தா, அது ரொம்ப உசத்தியா இல்லாட்டியும், ஒருத்தர் கத்துக்கிட்டது ஆறுக்கும் ஆகும்.

எது உலகத்துலேயே சிறந்ததுன்னு நமக்குக் கேள்வி இல்லை. நம்ம கோவில்ல யாருக்கு எது தெரியும்? அதுதான் கேள்வி. நம்மகிட்ட இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கேஎல் சென்ட்ரல்ல கொமுட்டர் பிடிச்சு கிள்ளான் வந்து பூஜைக்கு நிப்பார், பார்த்திருப்பீங்க. அவர் வீட்டுல லினக்ஸ் மின்ட் வச்சிருக்கார். இன்னொருத்தர், டியூஷன் எடுக்கிற தங்கச்சி, காலேஜ்ல உபுண்டு பழகினவங்க. மின்ட், உபுண்டு மேலேயே கட்டினது, அதனால ரெண்டு பேருக்கும் ஒத்து வரும். ஆகவே எங்க கருத்து லினக்ஸ் மின்ட். ஆறுக்கும் அதேதான். அதுலேயே 'எக்ஸ்எஃப்சிஇ'ன்னு பழைய கணினிக்கு ஏத்த இலேசான பதிப்பு ஒண்ணு இருக்கு, அது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்னு சொல்லியிருக்காங்க. கீழே மெனு, மூலையில கடிகாரம்னு விண்டோஸ் பழகினவங்களுக்குத் தடுமாறாத மாதிரி இருக்கு. குறைஞ்சது 2 ஜிபி ரேம் கேட்குது, 4 ஜிபி இருந்தா நல்லது. நம்மளுது எல்லாம் 4 ஜிபி.

சும்மா பேசல, ஒண்ணுல செஞ்சு பார்த்துட்டோம். லினக்ஸ்ல ஒரு நல்ல வசதி, பெண்ட்ரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கிறதை அழிக்க வேண்டியதில்லை. 8 ஜிபி பெண்ட்ரைவ் போதும். தம்பி அதைச் சொருகி, லேப்டாப் எழும்போது பொத்தானை அமுக்கி, பெண்ட்ரைவ் வழியா திறந்தார். மடப்பள்ளி மேசையில வச்சு, பேக்டரியில புது மெஷின் வந்தா செய்யற மாதிரி ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா டிக் பண்ணினோம்.

வைஃபை: அஞ்சு லேப்டாப்புல உடனே வந்துச்சு. ஒண்ணுல வரல. கேபிள் போட்டு இணையத்தைக் கொடுத்து, மின்ட்லேயே இருக்கிற டிரைவர் மேனேஜர்ல தேடினதும் சரியாச்சு.

சத்தம், கேமரா: ஆறிலும் சரி. ஜூம் போட்டுப் பேசிப் பார்த்தோம், நல்லா இருக்கு.

புரொஜெக்டர்: தேவார வகுப்புக்கு வேணும். சரி.

பிரிண்டர்: ஆபிஸ்ல இருக்கிற பெரிய பிரிண்டர் தானா தெரிஞ்சுகிச்சு. அர்ச்சனை ரசீது அடிக்கிற பழைய பிரிண்டர் மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க படுத்தி எடுத்துச்சு. இன்னும் ஓரம் கொஞ்சம் தள்ளித்தான் அடிக்குது.

பிள்ளைகள் வேலை: கல்வி அமைச்சோட டெலிமா, கூகுள் வகுப்பறை எல்லாம் பிரவுசர்லேயே ஓடுது. பிள்ளைங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியல.

ஆபிஸ் வேலை: லிப்ரே ஆபிஸ் கூடவே வருது. நம்ம வேர்ட், எக்செல் ஃபைல்கள் திறக்குது. சில நோட்டீஸ்ல வரி இடம் மாறுது, திருத்திக்கணும். சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பற ஆண்டறிக்கையும் பேங்க் வேலையும் இணையத்துலதான், அதுக்குப் பிரவுசர் போதும்.

தமிழ்: இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நோட்டீஸ் அடிக்கிற அக்காமார் கேட்பாங்க. தமிழ் எழுத்து திறந்த உடனே தெரியுது. தட்டச்சுக்குக் கீபோர்டு செட்டிங்ல தமிழ்99 இருக்கு. ஆங்கில எழுத்துல தட்டி தமிழ் வரவைக்கணும்னா 'ஐபஸ்'னு ஒண்ணை சாஃப்ட்வேர் மேனேஜர்ல இருந்து இறக்கணும், அதுவும் இலவசம். பிரச்சனை எங்கேன்னா, நம்ம பழைய நோட்டீஸ்கள், 2000-ஆம் ஆண்டு வாக்குல அடிச்சது, எல்லாம் அந்தக் காலத்து எழுத்துருவுல இருக்கு. யூனிகோட் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா புரியாத எழுத்தா வருது. இது லினக்ஸ் தப்பு இல்லை, புது விண்டோஸ்லேயும் அப்படித்தான் வரும். மாத்தறதுக்கு இலவச எழுத்து மாற்றிகள் இருக்கு. எந்த சிஸ்டம் போட்டாலும் இந்த வேலையை ஒரு நாள் செஞ்சுதான் ஆகணும். கும்பாபிஷேக மலர் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சா புண்ணியம்.

இப்போ எது ஆகாதுன்னு சொல்றோம். மறைக்க மாட்டோம். கணக்காளர் ஐயா பயன்படுத்தற கணக்கு மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். மைக்ரோசாஃப்ட் ஆபிஸை கணினியில ஏத்த முடியாது. பேனர் டிசைன் செய்யற தம்பி வச்சிருக்கிற ஃபோட்டோஷாப்பும் வராது. அதனால ஆபிஸ்ல ஒரு கணினி விண்டோஸாவே இருக்கட்டும், ஆனா முறையா லைசன்ஸ் வாங்கினதா இருக்கட்டும். ஒண்ணுக்குக் காசு கொடுக்க நம்மால முடியும். ஏழுக்கு முடியாது. பிள்ளைங்க ஆறுக்கும் மின்ட். இதுதான் எங்க கணக்கு.

வேகம் பத்தியும் கேட்பீங்க. பழைய ஹார்டிஸ்க்ல எந்த சிஸ்டம் போட்டாலும் இழுக்கும். ஒரு லேப்டாப்புல மட்டும் எங்க கைக்காசுல எஸ்எஸ்டி மாத்திப் பார்த்தோம், தொண்ணூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சது. ரெண்டு நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்துக்குள்ள திறக்குது. மீதி அஞ்சுக்கும் உபயம் எடுக்க யாராவது முன்வந்தா நல்லது. புது லேப்டாப் ஒண்ணு வாங்கற காசுல அஞ்சும் முடிஞ்சிடும்.

இப்போ அந்த நிபந்தனை.

யாராவது ரெண்டு பேர், தங்கள் பேரை எழுதிக் கொடுத்து, "இந்த ஆறையும் நாங்க பார்த்துக்கறோம்"னு பொறுப்பு எடுத்தா மட்டும் இதைச் செய்யணும். இல்லைன்னா வேண்டாம். நாங்களே வேண்டாம்னு சொல்றோம்.

ஏன்னா, இது நடந்ததைப் பார்த்திருக்கோம். யாரோ ஒரு ஆர்வமான பிள்ளை வந்து எல்லாத்தையும் மாத்திக் கொடுக்கும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஜொகூர்ல வேலை கிடைச்சுப் போயிடும். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பிரிண்டர் வேலை செய்யாது. "இந்த இலவசமே இப்படித்தான்"னு சொல்லி, மறுபடியும் அதே முப்பது வெள்ளிக் கடைக்குத் தூக்கிட்டுப் போவோம். பழி லினக்ஸ் மேல விழும், தப்பு நம்மளுது. கேரளாக்காரங்க கணினியோட சேர்த்து ஆளையும் தயார் பண்ணினாங்க. நாமும் அப்படித்தான் பண்ணணும்.

வேலை பெரிசு இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை, முதல் ஞாயிறு காலைப் பூஜைக்கு அப்புறம், ஆறையும் திறந்து அப்டேட் கொடுக்கணும். லினக்ஸ்னா வைரஸே வராதுன்னு சிலர் சொல்வாங்க, அதை நம்பிச் சும்மா விட்டுடக் கூடாது. பக்தர்கள் விவரம் இருக்கிற ஃபைலை வாரா வாரம் வெளி ஹார்டிஸ்க்ல காப்பி எடுத்து, அதைப் பீரோவுல பூட்டணும். பாஸ்வேர்ட் ஒரு தாள்ல எழுதி, உறையில போட்டு, செயலாளர்கிட்ட இருக்கணும். டிக் போடற பட்டியல் ஒண்ணு சுவத்துல ஒட்டணும். பேக்டரியில மெஷினுக்குச் செய்யறதுதான் இது. மணி அடிக்கிறதுக்கும் விளக்கு துடைக்கிறதுக்கும் முறை வச்சிருக்கோமே, அதுல இன்னும் ஒரு வரி சேரும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி ஒரு பேர் கொடுத்துட்டார். இன்னொரு பேர் வேணும். பெரிய படிப்பு வேண்டியதில்லை. எங்களை மாதிரி எஸ்.பி.எம். போதும். தமிழ்லேயே கத்துக்கணும்னா 2012-ல இருந்து 'கணியம்'னு ஒரு இதழ் இணையத்துல இலவசமா வருது, கட்டற்ற மென்பொருளுக்காகவே நடத்தறாங்க. எளிய தமிழ்ல புத்தகங்களும் போட்டிருக்காங்க. மெனுவைத் தமிழுக்கு மாத்தறதும் உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள் செய்யற வேலைதான். நம்மைப் போல சம்பளம் இல்லாத ஆளுங்க.

இன்னொரு சின்ன வேண்டுகோள். மின்ட் செய்யறவங்க நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும்தான் நடத்தறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, நம்ம வசதிக்கு ஏத்த மாதிரி, ஐம்பது வெள்ளியோ என்னமோ அனுப்பி வைப்போம். கட்டாயம் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டாங்க. ஆனா இலை போட்ட இடத்துல சாப்பிட்டுட்டு உண்டியல் பக்கமே பார்க்காமப் போறது நமக்குப் பழக்கம் இல்லையே.

ஞாயிறு கூட்டத்துக்கு அந்த மின்ட் போட்ட லேப்டாப்பைக் கொண்டு வர்றோம். எதிர்ப்பு சொல்ல நினைக்கிறவங்க கட்டாயம் வாங்க, தொட்டுப் பாருங்க, தட்டிப் பாருங்க, குறை சொல்லுங்க. பொருளாளர் அண்ணன் "புதுசே வாங்கிடலாம்"னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அவர் கணக்கையும் கேட்போம். அந்த முப்பது வெள்ளிக் கடை யோசனை மட்டும் வேண்டாம் என்பதுதான் எங்க வேண்டுதல். உபயப் பட்டியல் படிக்கும்போது அந்தப் பாட்டி பேர் விட்டுப் போகக் கூடாது.

ரெண்டாவது பேர் கொடுக்க விரும்பறவங்க ஆபிஸ்ல எழுதி வச்சுட்டுப் போங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடப்பள்ளி பக்கம் வாங்க, நாங்க அங்கேதான் இருப்போம்.

எல்லாரும் நலமா இருக்கணும். எல்லாம் அவன் செயல்.

ஆலயத் தொண்டர்கள், கிள்ளான்